ஊசித் தேதிக்கு வராதவர்கள்

மனநல வார்டிலிருந்து டிஸ்சார்ஜ் ஆனவர்களில் பாதிப் பேர், மாதம் ஒருமுறை போடும் மனநோய் மருந்து ஊசிக்கு வருவதில்லை, ஒரு நர்ஸுக்கு அறுபது பேர், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். நானும் இப்படி ஒரு அரசு மனநலக் குழுவில் மாட்டிக்கொண்டு முழித்தவன்தான்.

அறுபது பேரையும் ஒரே மாதிரி பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள். 1970களில் அமெரிக்காவின் மேடிசனில் மனநல மருத்துவர் ஸ்டைனும் அவரோடு பணியாற்றிய டெஸ்டும் தொடங்கிய, நோயாளியை அவர் இருக்கும் இடத்துக்கே போய்க் கவனிக்கும் முறையில் ஒரு பணியாளருக்குச் சுமார் 10 பேர்தான். அந்த ஆள்பலம் நமக்குக் கனவு. ஆனால் இந்த வாரம் நிலைமை மோசமாகக்கூடிய ஏழெட்டுப் பேருக்கு மட்டும் அந்தக் கவனத்தைக் கொடுக்கலாம். நெதர்லாந்தில் அப்படித்தான் செய்கிறார்கள்: அப்படிப்பட்ட நோயாளிகளின் பெயர்களைப் பலகையில் ஏற்றி, தினமும் குழுவாகப் பேசுகிறார்கள், நிலைமை தேறியதும் பெயர் இறங்கிவிடும்.

அப்புறம், வராதவரை 'ஒத்துழைக்காதவர்' என்று எழுதுவதற்கு முன் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். மூன்று ஊசி தவறவிட்ட ஒரு அம்மா, என்னோடு பேசிய பத்து நிமிடத்தில் நான்கு முறை எழுந்து நடந்தார். ஊசி போட்டதிலிருந்தே கால் ஓரிடத்தில் நிற்கவில்லையாம். பக்கவிளைவு. யாரும் கேட்கவே இல்லை. மருத்துவர் மருந்தை மாற்றினார், வர ஆரம்பித்தார்.

வார்டிலிருந்து அனுப்பும் முன்பே உங்கள் நர்ஸ் ஒருமுறை நேரில் பார்த்துவிடுவது நல்லது. தெரிந்த முகம் என்றால் கதவு திறக்கும்.

க்ளோசபின் (மற்ற மருந்துகளுக்குக் கேட்காத மனநோய்க்குத் தரும் மாத்திரை) எடுப்பவர்களின் பட்டியலைத் தனியாக வையுங்கள். 48 மணி நேரத்துக்கு மேல் மாத்திரை விட்டுப்போனால் பழைய அளவிலேயே தொடரக் கூடாது; மருத்துவர் 12.5 மி.கி.யிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். நினைவூட்டல் போனை அவர்களிடமிருந்தே தொடங்குங்கள்.