நர்சம்மா பதில்கள்

கேள்வி: மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் பெண், தோல் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் கணவருக்கு (வயது 46) பிரஷர் 158/96 என்று எழுதிக்கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொன்னார். "அந்தப் பொண்ணு என்ன டாக்டரா? எனக்கு ஒரு தலைவலிகூட இல்லை" என்கிறார் இவர். நம்பலாமா?
- ஒரு வாசகி, பேரணாம்பட்டு

பதில்: டாக்டர் என்று அந்தப் பெண்ணும் சொல்லிக்கொள்ளவில்லையே! நோய்க்குப் பெயர் வைப்பது அவர் வேலை இல்லை. யாரை டாக்டரிடம் அனுப்புவது என்று பார்ப்பதுதான் வேலை. தலைவலி இல்லை என்பதெல்லாம் கணக்கில் வராது. பிரஷர் பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் ஏறும்.

ஆனால் ஒரு அளவை மட்டும் வைத்து முடிவு கட்டவும் கூடாது. குடியாத்தம் பக்கத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்தபோது, வயலிலிருந்து அப்போதுதான் வந்தவருக்குச் சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, "170" என்று சொல்லி ஒரு வீட்டையே அழவைத்திருக்கிறேன். மறுநாள் ஒழுங்காகப் பார்த்தால் 128. அவர் மனைவி இன்றும் சந்தையில் பார்த்தால் அதைச் சொல்லிக் காட்டுவார். அதனால் இன்னொரு நாள் பாருங்கள். ஐந்து நிமிஷம் சும்மா உட்கார வேண்டும், கால் தரையில் பதிய, கை நெஞ்சு உயரத்தில் தாங்கலாக இருக்க வேண்டும். பேச்சு கூடாது. அதற்கு முன் அரைமணி நேரம் டீ, பீடி கிடையாது. அப்படியும் 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும்.

இன்னொன்று. டாக்டர் முன்னால் உங்கள் கணவர் இருக்கப்போவது மூன்று நிமிஷம். வீட்டுக்கு வருபவர் திண்ணையில் உட்கார்ந்து ஊறுகாய் ஜாடியையும் பார்க்கிறார், சட்டைப் பையையும் பார்க்கிறார். "புகையிலை பழக்கம் உண்டா?" என்று கேட்டால் ஆண்கள் இல்லை என்பார்கள், மாமியாரின் கண் மட்டும் அந்தப் பைக்குப் போகும். "அப்பா எப்படி இறந்தார்?" என்று கேட்டால், "தூக்கத்திலேயே போயிட்டார், நல்ல சாவு" என்பார்கள். வயசு? "நாற்பத்தெட்டு." நாற்பத்தெட்டில் நல்ல சாவா? அப்பாவோ அண்ணன் தம்பியோ 55 வயசுக்குள் மாரடைப்பில் போயிருந்தால், பிள்ளைக்கும் ஆபத்து கூடுதல். உங்கள் மாமனார் எப்படிப் போனார் என்று எழுதவில்லையே? அதை அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள். இடுப்புச் சுற்றளவும் எடுக்கச் சொல்லுங்கள். நம் ஊர் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதற்கு மேல் போகக் கூடாது. அப்படியே நீங்களும் கையை நீட்டுங்கள். பல வீடுகளில் கணவருக்குப் பார்த்தாகிவிடும், மனைவி "அடுப்பில் சோறு இருக்கு" என்று உள்ளே போய்விடுவார்.

கேள்வி: நெஞ்சுவலி வந்தால் 108 வரும்வரை காத்திருக்காமல் ஆட்டோவில் கிளம்பலாமா?
- ஒரு வாசகர், காட்பாடி

பதில்: வேண்டாம். 108 வண்டியில் பின்னால் நோயாளியுடனே வருபவர் அவசர மருத்துவ உதவியாளர். வழியில் இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி உயிரைப் பிடித்து வைக்கப் பயிற்சி பெற்றவர். ஆட்டோக்காரர் வண்டியை ஓட்டுவாரா, நெஞ்சை அழுத்துவாரா? வாயு என்று சொல்லி பன்னீர் சோடா குடித்துவிட்டுப் பார்ப்பதும் வேண்டாம், போகிற நேரம் திரும்பாது. சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், அந்த மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டு 108 உதவியாளர் கையில் கொடுத்துவிடுங்கள்.