கம்பெனிகள் எதற்கு மசியும்? – கேள்வி பதில்

ஏற்றுமதி காபிக்குச் சான்று வாங்கித் தரும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான், ஊர் தாண்டிக்குடி. பன்னாட்டு நிறுவனங்கள் மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காமல் தொழில் செய்ய அரசாங்கங்கள் என்ன செய்கின்றன என்று கேட்டிருந்தீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

பண்ணைக்காட்டில் இருந்து: காபி வாங்கும் ஏஜென்ட் வந்து என் காபித் தோட்டத்தை போனில் மேப் எடுத்துப் போனார். எதற்கு சார்?

ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் போட்ட சட்டத்துக்காக. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடு அழித்த நிலத்தில் விளைந்த காபி, ரப்பர், கோகோ, பாமாயில் போன்றவற்றை அங்கே விற்க முடியாது. எந்த நிலத்தில் விளைந்தது என்று கம்பெனிதான் காட்ட வேண்டும். மீறினால் போடக்கூடிய உச்ச அபராதம், அங்கே நடக்கும் வருட விற்பனையில் 4 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்கிறது சட்டம். அமலுக்கு வரும் தேதியைத் தள்ளித் தள்ளிப் போட்டாலும், ஏஜென்ட் உங்கள் மேட்டுக்கு ஏறி வந்துவிட்டார் பாருங்கள்! நிழல் மரத்தடிக் காபித் தோட்டத்தை அந்தச் சட்டம் காடு என்று எண்ணுவதில்லை, பயம் வேண்டாம்.

கோத்தகிரி: எங்கள் தேயிலைக்கும் உண்டா?

பட்டியலில் இல்லை.

கொடைக்கானல்: லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குத் தருகிறார்களே, போதாதா அண்ணே?

2013 கம்பெனிச் சட்டம் பெரிய கம்பெனிகளுக்கு விதித்தது அது. பள்ளிக்குக் கழிப்பறை வரும், நல்லதுதான். ஆனால் அந்த லாபம் எப்படி வந்தது என்று அது கேட்காது.

உங்கள் ஊர் பாதரசத் தெர்மாமீட்டர் ஆலையையே எடுங்கள். 1980-களில் அமெரிக்காவின் வாட்டர்டவுனில் இருந்து பெயர்த்துக் கொண்டுவந்தது; பின்னால் இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. 2001-இல் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு கிடந்தது வெளியே தெரிந்து, ஆலை மூடப்பட்டது. 2003-இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு கம்பெனியோடு உடன்பாடு வந்ததோ 2016-இல்! மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று வேலூர் தோல் ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது. இருந்தும் இத்தனை வருடம். லைசென்ஸ் கொடுக்கும்போதே சுத்தம் செய்யும் செலவுக்கு வங்கி உத்தரவாதம் வாங்கி வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

கூடலூர்: சிப்ஸ் பாக்கெட் குப்பைக்கு வழி?

பிளாஸ்டிக் உறையைத் திரும்ப எடுக்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு என்று விதி இருக்கிறது, 2022-இல் இறுக்கினார்கள். ஆனால் வேறு ஊரில் சேர்த்த குப்பைக்குச் சான்றிதழ் வாங்கிக் கணக்கை முடித்துவிடலாம், நம் ஓடையில் கிடப்பது கிடக்கும். உங்கள் நீலகிரி மாவட்டத்தில் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூட வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்களே, உயர் நீதிமன்றம் சொல்லி வந்தது, அது வேலை செய்கிறது. காலி பாட்டிலுக்கு விலை இருக்கிறது. காலி பாக்கெட்டுக்கு இல்லை.

மறுபடி பண்ணைக்காடு: அந்த மேப்பை நான் கேட்டு வாங்கலாமா சார்?

அவசியம் வாங்குங்கள். நாளைக்கு வேறு ஏஜென்டுக்குக் காபி போட்டால் உதவும்.