ஆரூரில் எதற்கு எந்த நேரம்

வணக்கம். திருநள்ளாறு போய்விட்டுத் திரும்பும் வழியில் குடும்பத்தோடு திருவாரூரில் இறங்கினோம். அப்போது மணி பதினொன்றரை. தியாகராஜர் சன்னதியில் தெரிந்தது முகம் மட்டும்தான், மற்றதெல்லாம் பூவும் துணியும். நடந்து நடந்து கால் வலித்ததுதான் மிச்சம் என்று மாமியார் குறைப்பட்டுக்கொண்டார். மூன்று கேள்விகள். சாமியை ஏன் அப்படி மூடி வைத்திருக்கிறார்கள்? மனுநீதிச் சோழன் கதை திருவாரூர்க் கதையே இல்லை, பூம்புகார்க் கதை என்கிறார் ஒரு நண்பர், சரிதானா? ஏழு விடங்கத் தலங்களையும் ஒரே நாளில் முடிக்க வேன் பேசியிருக்கிறோம், எந்த வரிசையில் போகலாம்?

எம்., திருப்பூர்

அன்புள்ள எம்.,

கோளாறு நீங்கள் போன நேரத்தில்தான். பதினொன்றரைக்கு ஆரூர்க் கோயிலுக்குள் நுழைவது, பந்தல் பிரிக்கும் நேரத்துக்குக் கல்யாண வீட்டுக்குப் போவது மாதிரி. கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, செங்கழுநீர் ஓடை ஐந்து வேலி என்று ஊரில் சொல்வார்கள். ஐந்து வேலி என்றால் ஏறத்தாழ 33 ஏக்கர். அதை நடை சாத்துவதற்கு முந்தைய அரை மணியில் சுற்றினால் கால்தான் வலிக்கும். அங்கே போக வேண்டியது மாலையில். மாலைப் பூஜையான சாயரட்சையை அங்கே திருவந்திக்காப்பு என்பார்கள். அந்த வேளைக்குத் தேவர்கள் எல்லாரும் ஆரூருக்கு வந்துவிடுகிறார்கள் என்பது ஐதீகம். ஐந்து மணிக்கே உள்ளே போய்விடுங்கள். மூலவர் புற்றிடங்கொண்டாரை முதலில் கும்பிட்டுவிட்டு, பிறகு தெற்கே உள்ள தியாகராஜர் சன்னதிக்கு வந்தால் நேரம் சரியாக இருக்கும். பஞ்சமுக வாத்தியத்தையும் மாமியாருக்குக் காட்டுங்கள். ஒரே வெண்கலக் குடத்துக்கு ஐந்து வாய், ஒவ்வொன்றிலும் தோல் இழுத்துக் கட்டியிருக்கும், நடு வாய் மட்டும் பெரிது. சிவனின் ஐந்து முகங்களுக்கு ஐந்து வாய் என்று கணக்கு. அதை வாசிக்கும் உரிமை பாரசைவர்களுடையது.

இனி, மூடி வைப்பது. தியாகராஜர் சோமாஸ்கந்த மூர்த்தி. நடுவில் முருகன், இருபுறமும் சிவனும் உமையும். திருமால் இந்த மூர்த்தியைப் பாற்கடலில் தம் மார்பில் வைத்துப் பூசித்தார். அவர் மூச்சு ஏறி இறங்கியபோது மார்போடு சேர்ந்து மூர்த்தியும் ஏறி இறங்கியது. வாயால் சொல்லாமல் மூச்சாலேயே நடக்கும் ஜபம் அஜபா, ஆகவே இந்த ஆட்டம் அஜபா நடனம். சாமி புறப்பாட்டில் தாங்கிகள் நேராக நடக்காமல் பக்கவாட்டில் அசைந்து, ஏற்றி இறக்கி வருவது இதைத்தான் காட்டுகிறது. தில்லையில் ரகசியம் திரைக்குப் பின்னால், ஆரூரில் மாலைக்குப் பின்னால். பாதம் காண வருஷத்தில் இரண்டே நாள்: மார்கழித் திருவாதிரையில் ஒரு பாதம், பங்குனி உத்திரத்தில் மற்றொரு பாதம். மற்ற நாளில் யார் போனாலும் முகம்தான்.

ஆனால் மூடாத ஒன்று உண்டு, அதைத்தான் தவறவிட்டிருக்கிறீர்கள். டங்கம் என்றால் உளி, விடங்கம் உளி படாதது. சன்னதியில் பேழையில் இருக்கும் சிறிய மரகத லிங்கம்தான் வீதிவிடங்கர். அதற்குக் காலையும் மாலையும் அபிஷேகம் நடக்கும். ‘மரகத அபிஷேகம் இன்றைக்கு எத்தனை மணிக்கு’ என்று உள்ளே நுழைந்ததும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த மூர்த்தி ஆரூருக்கு வந்த கதையைக் காதால் கேட்பதைவிடக் கண்ணால் பார்ப்பது நல்லது. வெளிப் பிராகாரத்துத் தேவாசிரிய மண்டபத்தின் விதானத்தில் அது வரிசையாக எழுதப்பட்டிருக்கிறது. குரங்கு முகம் கொண்ட முசுகுந்தச் சக்கரவர்த்தி அசுரரை வென்று இந்திரனுக்கு உதவுகிறான், கைம்மாறாக இந்த மூர்த்தியைக் கேட்கிறான். இந்திரனுக்குக் கொடுக்க மனமில்லை. மயனை விட்டு அதே போல இன்னும் ஆறு செய்யச் சொல்லி, ஏழையும் வரிசையாக வைக்கிறான். முசுகுந்தன் சரியானதையே காட்டிவிட, வேறு வழியின்றி ஏழையும் கொடுக்கிறான். ஏழு விடங்கத் தலம் வந்த வழி இதுதான். ஓவியம் பதினேழாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தது, எழுதியவர் பெயர் சிங்காதனம். படங்களுக்குக் கீழே தமிழில் விளக்கமும் எழுதியிருக்கிறார். கிரீடம் வைத்தாலும் குரங்கு முகம் குரங்கு முகமாகவே இருக்கிறது. திருவிழா வாணவேடிக்கையைக்கூட விடவில்லை. மண்டபம் பூட்டியிருந்தால் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். பகல் வெளிச்சம் தேவை என்பதால் சாயரட்சைக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். சுந்தரர் திருத்தொண்டத்தொகை பாடியதும் இந்த மண்டபத்துக்கு முன்னால்தான்.

சுந்தரர் பேச்சு வந்ததால் கோயில் குளமான கமலாலயத்தையும் சொல்லிவிடுகிறேன். திருமுதுகுன்றத்தில் (இன்றைய விருத்தாசலம்) கிடைத்த பன்னீராயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு இந்தக் குளத்தில் எடுத்தார். போடும் முன் அதிலிருந்து மச்சம் வெட்டி வைத்துக்கொண்டார். மச்சம் என்பது மாற்று, அதாவது பொன்னின் தரம், பார்க்கப் பொற்கொல்லர் வைக்கும் துண்டு. குளத்தில் எடுத்ததை உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைந்தது. மறுபடி பாடிய பிறகே சரியாயிற்று. கடவுள் கொடுத்த பொன்னுக்கே உரைகல். குளக்கரையில் மாற்றுரைத்த விநாயகர் என்று ஒருவர் இருப்பது இதற்காகத்தான்.

உங்கள் நண்பர் சொன்னது பாதி சரி. மதுரை அரசவையில் கண்ணகி, மகனை ‘ஆழியின் மடித்தோன்’ ஊர் புகார் என்றே சொல்கிறாள். இலங்கையின் மகாவம்சமோ ஆராய்ச்சி மணி, கன்று, தேர் எல்லாவற்றையும் எல்லாளனுக்குக் கொடுத்து அநுராதபுரத்தில் வைக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார்தான் ஆரூர் வீதியில் அதை விரிவாகப் பாடுகிறார். அவர் சொல்லும்போது கன்று, இளவரசன், உயிரை விட்ட அமைச்சன் மூவரும் எழுகிறார்கள், இறைவன் வீதியில் காட்சி தருகிறான். எது மூலம் என்று வழக்காடிப் பயனில்லை. கதை ஆரூரில் வேர் பிடித்ததற்குக் காரணம் தேர் என்பது என் எண்ணம். ஆழி என்றால் சக்கரம். அப்பர் ஆரூர் இறைவனை ‘ஆழித்தேர் வித்தகன்’ என்று பாடி ஐந்து நூற்றாண்டுக்குப் பிறகுதான் சேக்கிழார் வருகிறார். கோயிலுக்கு வெளியே கீழைக் கோபுரப் பக்கம் உள்ள கல்தேரைப் பாருங்கள், பசுவும் கன்றும் அங்கே இருக்கின்றன.

நிஜத் தேரைப் பார்த்தால் சக்கரம் என்றால் என்ன என்று புரியும். 96 அடி உயரம், அலங்காரத்தோடு 300 டன் அளவு. மரவேலை சுமார் 30 அடிதான். அதற்கு மேலெல்லாம் ஆண்டுதோறும் கட்டும் மூங்கில், கயிறு, தேர்ச்சீலை. பழைய தேர் 1920களில் எரிந்துபோய் 1930ல் புதுத்தேர் ஓடியது. 1948க்குப் பின் நின்றுபோய் 1970ல்தான் மறுபடி ஓடியது. இப்போது இரும்புச் சக்கரமும் திருச்சி பெல் நிறுவனத்தின் ஹைட்ராலிக் பிரேக்கும் இருக்கின்றன. பின்னாலிருந்து புல்டோசர் உந்தும். இருந்தும் தேரை ஓட்டுவது முட்டுக்கட்டைக்காரர்கள்தான். தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. எந்தப் பக்கச் சக்கரத்தின் கீழ் கட்டை விழுகிறதோ அந்தப் பக்கம் தயங்கும், தேர் அப்பக்கம் திரும்பும். கட்டையைத் திடீரென்று பெரிதாகக் கொடுத்தால் தேர் குலுங்கி மேலே மூங்கில் கட்டு ஆடும். பிந்திக் கொடுத்தால் தேர் நேர்க்கோட்டிலிருந்து விலகிவிடும், பிறகு வீட்டுத் திண்ணைதான். வீதி முனையில் கட்டை மட்டும் போதாது. சக்கரத்தின் கீழ் இரும்புத் தகடு போட்டு கிரீஸ் பூசி, உருட்டாமல் வழுக்க வைத்துத் திருப்புவார்கள். அதைப் பார்க்கத்தான் முனையில் கூட்டம் சேரும். குழந்தைகளோடு போனால் திருப்பத்தின் உட்பக்கம் நிற்காதீர்கள், இரண்டு வடத்துக்கு நடுவிலும் போகாதீர்கள். தேரோட்டத்துக்கு மரபான நாள் பங்குனி ஆயில்யம். ஆனால் தேதியைக் கோயிலில் கேட்டு உறுதி செய்துகொண்டு டிக்கெட் போடுங்கள்.

வேன் விஷயம். ஒரே நாளில் ஏழும் நடக்காது. தூரம் பெரிதில்லை, நண்பகலில் நடை சாத்துவதுதான் காரணம். மதியம் முழுக்க ஏதாவது ஒரு கோயில் வாசலில் வேனுக்குள் உட்கார்ந்திருப்பீர்கள். இரண்டு நாளாக்குங்கள். முதல் நாள் காலை திருநள்ளாறு (சனிக்கிழமை வேண்டவே வேண்டாம்), பிறகு நாகை காயாரோகணர், மாலை ஆரூர். இரவு அங்கேயே தங்குங்கள். மறுநாள் விடியலில் திருக்காறவாசல், அடுத்து திருக்குவளை, பன்னிரண்டுக்குள் திருவாய்மூர். இவை சிறிய கோயில்கள், குருக்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடுவார். முந்தின நாளே சொல்லி வைப்பது நல்லது. ஒவ்வொன்றிலும் நடனம் வேறு: திருநள்ளாற்றில் பித்தன் ஆட்டம், நாகையில் கடலலை, காறவாசலில் சேவல், குவளையில் வண்டு, வாய்மூரில் தாமரை. மறைக்காட்டில், அதாவது வேதாரண்யத்தில், அன்னநடை.

வேதாரண்யம் மாலைக்கு. வாய்மூரிலிருந்து அங்கே போகும்போது அப்பர் வந்த வழியில் எதிர்த்திசையில் போகிறீர்கள். மறைக்காட்டில் வேதங்கள் பூட்டிய கதவைத் திறக்க அவர் பதிகம் முழுவதும் பாட வேண்டியிருந்தது. ‘இரக்கம் ஒன்றிலீர்’ என்று மனம் நொந்த பிறகே திறந்தது. சம்பந்தர் முதல் பாட்டைப் பாடியதும் கதவு மூடிக்கொண்டது. அந்த வருத்தத்தோடு படுத்தவரை இறைவன் வாய்மூருக்கு வா என்று அழைத்துப் போனான். வேனில் இதை மாமியாரிடம் சொல்லிக்கொண்டே போங்கள்.