மொகாமா துறையில் கார்பெட் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற கட்டுரையில் ஜிம் கார்பெட்டை 'ரயில்வேக்காரர்' என்று எழுதியிருந்தீர்கள். புலிவேட்டைக்காரர் என்றுதான் படித்திருக்கிறேன். ரயில்வேயில் இருந்தார் என்றே வைத்துக்கொண்டாலும், கூலியாட்களை வைத்து வேலை வாங்கிய வெள்ளைக்கார காண்ட்ராக்டர்தானே? அவர்மேல் உங்களுக்கு ஏன் இத்தனை பிரியம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தொடக்க காலத்துப் புலிகளெல்லாம் அவர் லீவு போட்டுவிட்டுப் போய்ச் சுட்டவை. 1907ல் சம்பாவத் ஊர்ப் பக்கத்து ஆட்கொல்லிப் புலியைச் சுட்டபோதும் ரயில்வே வேலையில்தான் இருந்தார். 1875ல் நைனிதாலில் பிறந்தவர். பள்ளிப்படிப்பு முடிந்த கையோடு பிகாரில் எரிபொருள் இன்ஸ்பெக்டர் ஆனார். அன்று எஞ்சின்கள் விறகிலும் ஓடின. அந்த விறகுக்காக மரம் வெட்டவைப்பதுதான் வேலை. பின்னாளில் காட்டைக் காப்பாற்றச் சொன்னவர், காடு அழிவதைத் தன் கண்ணாலேயே பார்த்தவர்.

அதன்பிறகு இருபது வருஷங்களுக்கு மேல் கங்கைக்கரையில், மொகாமா காட் என்ற படகுத்துறையில் கழிந்தது. அங்கே அப்போது பாலம் கிடையாது. ராஜேந்திர சேது என்ற பாலம் 1959ல்தான் வந்தது. தென்கரையில் பிராட்கேஜ் என்ற அகலமான தண்டவாளம், வடகரையில் மீட்டர்கேஜ் என்ற குறுகலான தண்டவாளம். வருகிற சரக்கையெல்லாம் ஒரு வேகனிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்றியாக வேண்டும். அத்தனையும் தலைச்சுமை.

காண்ட்ராக்டர்தான், மறுக்கவில்லை. தொடக்கத்தில் ரயில்வே போதிய பணம் அனுப்பாமல் இழுத்தடித்தது. ஆட்கள் பட்டினி. ஒரு ராத்திரி, இனிமேல் முடியாது என்று சொல்லிவிடலாமென்று சிலர் வந்து நின்றார்கள். அந்த நேரம் பார்த்து கார்பெட்டுக்குச் சாப்பாடு வந்தது. தட்டில் ஒரே ஒரு சப்பாத்தி. பார்த்தவர்கள், உங்கள் நிலைமையும் எங்களைப் போலத்தான், நிற்கத் தெம்பிருக்கும்வரை செய்கிறோம் என்று சொன்னார்கள். இதை வைத்து ரயில்வேயை நான் மன்னிக்க மாட்டேன். ஆனால் கங்காணியின் தட்டும் கூலியின் தட்டும் ஒன்றாக இருந்த இடம் அந்தக் காலத்தில் அபூர்வம்.

உண்மையில் என் பிரியம் முழுக்க இன்னொருவர்மேல். அங்கே ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த ராம் சரண். தொழிலாளிகளின் பிள்ளைகளுக்காக அவரும் கார்பெட்டும் சேர்ந்து ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். உடனே சாதி குறுக்கே வந்தது. மேல்சாதிப் பையன்கள் கீழ்சாதிப் பையன்களோடு ஒரே குடிசைக்குள் உட்காரக் கூடாதாம். ராம் சரண் யாரோடும் வாதாடவில்லை. குடிசையின் சுவர்களைப் பிரித்து எடுத்துவிட்டார். சுவர் போனால் அது குடிசை இல்லை, கொட்டகை. கொட்டகைக்குள் சேர்ந்து உட்காரத் தடையில்லை! சாதி அதனால் ஒழியவில்லை, எனக்கும் தெரியும். பிள்ளைகள் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்து எழுத்துப் படித்தார்கள். பிற்பாடு அரசாங்கமே அந்தப் பள்ளியை எடுத்துக்கொண்டது, ராம் சரணுக்கு ராய் சாகிப் பட்டமும் கொடுத்தது.

இதையெல்லாம் கார்பெட்டே 1952ல் வெளிவந்த 'மை இந்தியா'வில் எழுதியிருக்கிறார். மொகாமா அத்தியாயத்தை முதலில் படியுங்கள். படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.