பாதம், குதிகால், நகம்: கடலூர், புதுச்சேரி மக்களின் கேள்விகளும் பதில்களும்

கடலூரில் நர்சாக வேலை பார்க்கிறேன், அதிலும் பெரும்பாலும் கால் புண்ணுக்கு டிரெஸ்ஸிங் போடும் அறையில். கால் சம்பந்தமாக எதுவானாலும் கேளுங்கள் என்று சொன்னதும் இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, சந்தோஷம். மாத்திரை எழுதித் தருவது டாக்டர் வேலை. வீட்டில் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது, எப்போது தாமதிக்காமல் கிளம்பி வரவேண்டும் என்பதை நான் சொல்கிறேன்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒருவர்: சிஸ்டர், காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால் குதிகாலில் உயிர் போகிறது. கொஞ்சம் நடந்ததும் குறைந்துவிடுகிறது. எக்ஸ்ரே எடுத்ததில் எலும்பு வளர்ந்திருக்கிறது என்றார்கள். ஆபரேஷன் வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம் அம்மா. குதிகாலிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலில் ஒரு தடித்த சவ்வு ஓடுகிறது, அது குதிகாலில் ஒட்டும் இடத்தில் நைந்துபோனால்தான் இந்த வலி வரும். ராத்திரி முழுக்க அந்தச் சவ்வு சுருங்கிக் கிடப்பதால் முதல் அடி அப்படிக் குத்துகிறது. எக்ஸ்ரேயில் தெரியும் எலும்பு முள் வலியே இல்லாத ஏராளமானவர்களுக்கும் இருக்கிறது, அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

கட்டிலை விட்டு இறங்கும் முன்பே ஒரு துண்டைப் பாதத்தின் முன்பகுதியில் மாட்டி, முழங்காலை மடக்காமல், உங்கள் பக்கம் இழுத்து முப்பது விநாடி பிடியுங்கள், இப்படி மூன்று முறை. அப்புறம் பகலில் சுவரைப் பிடித்து நின்று கெண்டைக்காலை நீட்டிவிடுங்கள். சாயங்காலம் ஒரு சின்ன பாட்டிலில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வைத்து, உறைந்ததும் உள்ளங்காலுக்கு அடியில் போட்டுப் பத்து நிமிடம் உருட்டுங்கள். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போடுங்கள், டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நாள் முழுக்கச் சமையலறையில் நிற்பதுதான் பல பெண்களுக்கு இந்த வலியை விடாமல் வைத்திருக்கிறது. நாலு நாளில் போகாது, மாதக்கணக்கில் ஆகும். ஆனால் விடாமல் செய்தால் பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் ஆபரேஷன் இல்லாமலேயே சரியாகிவிடுகிறது.

அவரே மீண்டும்: செங்கல்லைச் சுடவைத்து எருக்கிலை போட்டு அதன்மேல் குதிகாலை வைக்கச் சொல்கிறார் மாமியார். வைக்கலாமா?

சூடு இதமாக இருக்கும், அவர் சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. ஆனால் எருக்கம் பால் தோலைப் புண்ணாக்கும், செங்கல் சூட்டுக்கோ அளவு கிடையாது. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒத்தடம் கொடுங்கள், அதுவே போதும். உங்களுக்கு சுகர் இருந்தால் செங்கல் பக்கமே போகாதீர்கள். செங்கல்லில் கால் வெந்ததே தெரியாமல் கொப்புளத்தோடு வந்தவர்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன்.

பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர்: பித்தவெடிப்புக்கு எங்கள் ஊரில் முந்திரிக் கொட்டை எண்ணெய் தடவுவோம். நல்லதா?

தடவாதீர்கள். கொட்டையை உடைப்பவர்களின் கைகளைப் பார்த்திருப்பீர்களே, தோல் கறுத்து உரிந்து கிடக்கும், அதே எண்ணெய்தான் இது. தடித்த தோலை அரிக்கிறது, அதனால் வெடிப்பு மறைந்த மாதிரி தெரியும். பிளவுக்குள் இறங்கினால் அங்கே நல்ல தோலும் சேர்ந்து வெந்துபோகும்.

ராத்திரி பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் காலை ஊறவைத்து, நுரைக்கல்லால் (பியூமிஸ் ஸ்டோன்) லேசாகத் தேய்த்து, ஈரம் முழுசாகக் காயும் முன்பே யூரியா கலந்த கிரீமைத் தடவிப் பருத்தி சாக்ஸ் போட்டுக்கொண்டு தூங்குங்கள். யூரியா கிரீம் கிடைக்காவிட்டால் வாசலின் போதும். பிளேடால் சீவ வேண்டாம். ரத்தம் கசியும் அளவுக்கு ஆழமாக வெடித்திருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். சுகர் உள்ளவர்கள் ஊறவைப்பதையும் தேய்ப்பதையும் விட்டுவிட்டு கிரீம் மட்டும் தடவட்டும், விரல் இடுக்கில் படாமல்.

முதுநகர் துறைமுகத்தில் மீன் விற்கும் ஒரு அம்மாவுக்காக அவர் மகள்: அம்மா விடியற்காலையிலிருந்து ஐஸ் தண்ணீரிலேயே நிற்கிறார். விரல் இடுக்கெல்லாம் வெள்ளையாக ஊறி, அரித்து, நாற்றம் அடிக்கிறது. மெடிக்கலில் வாங்கிய கிரீம் போட்டால் இரண்டு நாளில் அடங்கி மறுபடியும் வருகிறது.

சேற்றுப்புண்தான். ஈரத்தில் ஊறிய தோலில் பூஞ்சை பிடித்திருக்கிறது. அந்த டியூப்பில் என்னென்ன பெயர் போட்டிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். பூஞ்சை மருந்தோடு பீட்டாமெதசோன், குளோபெட்டசால் என்று ஏதாவது சேர்ந்திருந்தால் அது ஸ்டீராய்டு. அரிப்பை உடனே அடக்கிவிடும், அதனால்தான் எல்லோரும் அதையே திரும்பக் கேட்டு வாங்குகிறார்கள், ஆனால் உள்ளே பூஞ்சை இன்னும் வசதியாகப் பரவும். க்ளோட்ரிமசோல் மட்டும் உள்ள கிரீம் கேட்டு வாங்கி, காலையும் இரவும் போடச் சொல்லுங்கள். அரிப்பு நின்றதும் நிறுத்திவிடுவதுதான் பாதிப் பேருக்குத் திரும்ப வரக் காரணம், எனவே தோல் பழையபடி ஆன பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும்.

மருந்தைவிடப் பெரிய விஷயம் ஈரம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, கால் விரல்களுக்கென்றே ஒரு தனித் துணி வைத்து ஒவ்வொரு இடுக்கையும் துடைக்கச் சொல்லுங்கள். அவசரத்தில் எல்லோரும் மேலோட்டமாகத் துடைத்துவிட்டு விடுகிறார்கள். ரப்பர் பூட்ஸ் போட்டால் நல்லது, ஆனால் உள்ளே தண்ணீர் புகுந்த பூட்ஸோடு நிற்பதற்கு வெறுங்காலே மேல். மண்ணெண்ணெய் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். காய்ச்சலோ, பாதம் சிவந்து வீங்குவதோ தெரிந்தால் அன்றைக்கே கூட்டி வாருங்கள்.

தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு தம்பி: வலை இழுக்கும்போது ஆழமில்லாத தண்ணீரில் திருக்கை கொட்டிவிட்டால் உடனே என்ன செய்வது அக்கா?

சுடுதண்ணீர். கை பொறுக்கும் சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், பாதத்தை முக்கி வையுங்கள். அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை, ஆற ஆறச் சூடு சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். திருக்கை விஷம் சூட்டில் சிதையும், அதனால் வலி கண்ணுக்கு முன்னாலேயே இறங்கும். கெளுத்தி முள் குத்தினாலும் இதே வைத்தியம்தான். சூட்டை அடிபடாத இன்னொருவர் தன் கையை விட்டுப் பார்க்கட்டும், கொட்டுப்பட்டவனுக்கு வலியில் சூடு சரியாகத் தெரியாது. காலை இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள். வலி நின்றாலும் மருத்துவமனைக்கு வரவேண்டும், முள்ளின் துண்டு உள்ளே தங்கியிருந்தால் புண் ஆறாது. டிடி ஊசியும் பார்க்க வேண்டும்.

முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு மகன்: அப்பாவுக்குப் பல வருடமாக சுகர். நடக்கும்போது ஒரு செருப்பு கழன்று விழுந்துவிட்டது, அது தெரியாமலேயே வீடு வரை வந்துவிட்டார். கேட்டால் கால் வலியே கிடையாது, நன்றாக இருக்கிறேன் என்கிறார்.

இன்றைக்கு வந்த கேள்விகளிலேயே என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான். செருப்பு கழன்றது தெரியவில்லை என்றால் பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது என்று அர்த்தம். வலி இருக்கிறவர் நொண்டிக்கொண்டாவது எங்களிடம் வந்துவிடுவார். வலி தெரியாதவர் உள்ளங்காலில் ஆணி ஏறிய செருப்போடு ஒரு நாள் முழுக்க நடப்பார், ராத்திரி தரையில் ரத்தத்தைப் பார்த்து வீட்டில் இருப்பவர்கள்தான் கண்டுபிடிப்பார்கள். விரலை எடுக்க வேண்டிய நிலையில் வருகிறவர்கள் நிறையப் பேர் சொல்லும் முதல் வாக்கியம் "வலிக்கவே இல்லையே சிஸ்டர்" என்பதுதான்.

முதலில் டாக்டரிடம் கூட்டிப்போய்ப் பாதத்தில் உணர்ச்சி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பத்து கிராம் அழுத்தம் கொடுக்கிற மெல்லிய நைலான் இழையை உள்ளங்காலில் சில இடங்களில் வைத்து, தெரிகிறதா என்று கேட்பார்கள். ஊசியும் இல்லை, வலியும் இல்லை. பாதத்தில் நாடித் துடிப்பையும் பார்ப்பார்கள். சுகர் உள்ள எல்லோருமே வருடத்துக்கு ஒரு முறையாவது இதைச் செய்துகொள்ள வேண்டும், உங்கள் அப்பா போன்றவர்கள் இன்னும் அடிக்கடி.

வீட்டில் தினமும் ராத்திரி நீங்களோ அம்மாவோ அவர் உள்ளங்காலைப் பாருங்கள். அவர் தனியாக இருந்தால் தரையில் ஒரு கண்ணாடி வைத்துப் பார்க்கட்டும். கொப்புளம், வெட்டு, நிறம் மாறிய இடம், விரல் இடுக்கில் ஈரம், எது தெரிந்தாலும் சின்னது என்று விடாதீர்கள். குளிக்கிற தண்ணீரின் சூட்டை முழங்கையால் பார்த்த பிறகே காலில் ஊற்ற வேண்டும். வெறுங்கால் வீட்டுக்குள்ளும் கூடாது. எம்.சி.ஆர். செருப்பு (மெத்தென்ற ரப்பர் அடி வைத்தது) என்று கேட்டு வாங்குங்கள், பின்னால் வார் வைத்தது, விரலிடுக்கில் கொக்கி இல்லாதது. போடும் முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்கவேண்டும், கல்லோ ஆணியோ கிடக்கும். பீடி, சிகரெட் இருந்தால் நிறுத்தியே ஆக வேண்டும், காலுக்குப் போகும் ரத்தக்குழாயை அது அடைக்கிறது. கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இழுத்து வலித்து, நின்றால் விட்டுவிடுகிறது என்றால் அந்த அடைப்பாக இருக்கலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு பாதம் மட்டும் திடீரென்று சிவந்து, சூடாகி, வீங்கி, ஆனால் வலி அதிகம் இல்லாமல் இருந்தால் சுளுக்கு என்று எண்ணெய் தேய்க்காதீர்கள். உணர்ச்சி போன காலில் எலும்புகள் உள்ளேயே நொறுங்க ஆரம்பித்திருக்கலாம். அந்தக் காலை ஊன்றாமல் நேராக மருத்துவமனைக்கு வரவேண்டும்.

அவரே: அப்பா ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போவார், வெறுங்காலோடு. வேண்டுதல் என்கிறார். எப்படித் தடுப்பது?

வேண்டுதலைத் தடுக்க வேண்டாம் தம்பி, வெறுங்காலைத் தடுங்கள். சாக்ஸ், பழகிய செருப்பு அல்லது ஷூ, வழியில் காலைப் பார்க்க ஒரு துணை, இதெல்லாம் இருந்தாலும் டாக்டர் பார்த்துச் சம்மதம் சொன்ன பிறகுதான் போகவேண்டும். பாதத்தில் ஏற்கெனவே புண் இருந்தால் இந்த வருடம் பஸ்ஸில் போகட்டும். மாதாவுக்கு அவர் மனசு தெரியும் என்று ஃபாதரை விட்டே சொல்லச் சொல்லுங்கள், என் அனுபவத்தில் பெரியவர்கள் அதைக் கேட்கிறார்கள். கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: சித்திரை வெயிலில் உச்சிவேளையில் பிரகாரக் கல்லில் நடக்காதீர்கள், காலையிலேயே போய்வாருங்கள்.

சுகர் இல்லாதவர்களுக்கு நடையில் கொப்புளம் வந்தால் உடைக்காமல் மேலே சுத்தமான துணி வைத்துக் கட்டுங்கள். தானாக உடைந்தால் தோலைப் பிய்க்காதீர்கள், அந்தத் தோல்தான் புண்ணுக்கு மூடி.

குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒருவர்: கால் ஆணிக்குக் கார்ன் கேப் ஒட்டலாமா?

சுகர் இல்லை, ரத்த ஓட்டம் சரி என்றால் ஒட்டலாம். அதில் இருக்கிற சாலிசிலிக் அமிலம் நல்ல தோலையும் அரிக்கும், ஆணிக்கு மேல் மட்டும் சரியாக உட்கார வேண்டும். ஆனால் ஆணி வந்ததே அந்த இடத்தில் அழுத்தம் விழுவதால், செருப்பை மாற்றாமல் எதை ஒட்டினாலும் திரும்ப வரும். அது ஆணிதானா என்றும் பாருங்கள். நேராக அழுத்தினால் வலிப்பது ஆணி. இரண்டு பக்கமும் கிள்ளினால் வலித்து, உள்ளே கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது வைரஸால் வரும் மரு, வைத்தியம் வேறு.

நெல்லிக்குப்பத்திலிருந்து: கட்டைவிரல் நகம் ஓரத்தில் சதைக்குள் ஏறிச் சீழ் வைக்கிறது.

நகத்தை வளைத்து வெட்டுவதால் வருவது. நேராக வெட்டுங்கள், மூலையைத் தோண்டாதீர்கள். சீழ் வந்துவிட்டதால் டாக்டர் பார்க்க வேண்டும்.

அரியாங்குப்பத்திலிருந்து ஒரு மருமகள்: அத்தைக்கு ஒரு கால் மட்டும் பல வருடமாக வீங்கியிருக்கிறது. யானைக்கால் என்கிறார்கள். மாசத்துக்கு ஒரு தரம் குளிர்காய்ச்சல் வந்து கால் நெருப்பாகச் சுடுகிறது. இனிமேல் செய்ய ஒன்றுமில்லையா?

நிறைய இருக்கிறது. க்யூலெக்ஸ் கொசு மூலம் வருகிற நோய் அது, சாக்கடைத் தண்ணீரில் வளரும் கொசு. நம் பக்கம் ரொம்பக் காலமாக இருந்தது, புதுச்சேரியில் 1975ல் தொடங்கிய கொசு ஆராய்ச்சி மையம் இந்த நோய்க்காக நிறைய வேலை செய்திருக்கிறது. மாத்திரை அந்தக் கொசு பரப்பும் புழுவைக் கொல்லும், பழைய வீக்கத்தை முழுசாக இறக்காது. ஆனால் அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் விரல் இடுக்குப் புண் வழியாகக் கிருமி நுழைவதால் வருவது, அதை வீட்டிலேயே குறைக்கலாம். தினமும் சோப்பும் தண்ணீரும் போட்டு மடிப்பு மடிப்பாகக் கழுவி, ஒற்றித் துடைத்து, இடுக்கில் புண் இருந்தால் மருந்து போட்டு, உட்காரும்போதும் படுக்கும்போதும் காலை உயர்த்தி வைத்து, கணுக்காலை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள். கழுவுவதை நீங்கள் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தால் அவருக்குக் கூச்சம் போய்விடும், பல பேர் வெட்கத்தால் காலைப் புடவைக்குள்ளேயே மறைத்து வைத்திருக்கிறார்கள். காய்ச்சல் வரும்போது அன்றே டாக்டரிடம் போகவேண்டும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு: ஆபரேஷன், பிரசவம், நீண்ட படுக்கைக்குப் பிறகு திடீரென ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம், ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். இரண்டு காலும் சேர்ந்து வீங்கினால் இதயம், சிறுநீரகம், சில பிரஷர் மாத்திரைகள் என்று காரணம் வேறாக இருக்கும்.

பாகூரிலிருந்து: 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் வந்தபோது தண்ணீருக்குள் ஆணி குத்தியது. மறுபடி அப்படி நடந்தால்?

நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், குழாயடியில் ஐந்து நிமிடமாவது. கடைசி டிடி ஊசி போட்டு ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் உடனே போட வேண்டும். காலில் புண்ணோடு வெள்ளத்தில் இறங்கியவர்களுக்கு எலிக்காய்ச்சலும் வரலாம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் வழியாக வருவது. ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், கெண்டைக்கால் தசை வலி, கண் சிவப்பு வந்தால் "வெள்ளத்தில் நடந்தேன்" என்று டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள், அதைச் சொன்னால்தான் அவர் அந்தத் திசையில் யோசிப்பார்.

புதுச்சேரியிலிருந்து ஒருவர்: கடற்கரைச் சாலையில் தினமும் சாயங்காலம் நடக்கலாம் என்று ஷூ வாங்கப் போகிறேன். எப்படிப் பார்த்து வாங்குவது?

சாயங்காலமாகவே கடைக்குப் போங்கள், நாள் முழுக்க நின்ற பிறகு பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும், காலையில் சரியாக இருந்த ஷூ அப்போது இறுக்கும். நடக்கும்போது போடப்போகும் சாக்ஸையே போட்டுக்கொண்டு, இரண்டு காலிலும் மாட்டி, எழுந்து நின்று பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். எந்தக் கால் பெரியதோ அதற்குத் தகுந்த அளவை எடுங்கள். போடப் போட விரிந்துவிடும் என்று கடைக்காரர் சொன்னால் வாங்காதீர்கள்.