ஏற்காட்டில் காட்டுக்குள் தனி வீடு வாடகைக்கு எடுத்துத் தங்கிய அனுபவம் உண்டா? வயதானவர்களோடு போகலாமா, எத்தனை நாள் தங்கலாம்?

சேலத்துக்காரனுக்கு ஏற்காடு என்பது காலையில் ஏறி சாயங்காலம் இறங்கும் ஊர். ஏரியில் ஒரு படகுச் சுற்று, மிளகாய் பஜ்ஜி, லேடீஸ் சீட்டில் நின்று கீழே நம் வீடு எங்கே என்று தேடுவது, இருட்டுவதற்குள் அடிவாரம். அஸ்தம்பட்டியில் குடியிருந்துகொண்டு முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போய் ராத்திரி தங்கக் காசு கொடுப்பதா என்ற கஞ்சத்தனமும் எனக்கு உண்டு. போன தை மாதம்தான் மனைவி, மகள், அம்மாவோடு முதல் தடவை ஓர் எஸ்டேட்டுக்குள் தனி வீடு எடுத்தோம்.

முதலில் அந்தக் 'காடு' விஷயம். விளம்பரத்தில் 'அடர்ந்த வனத்தின் நடுவே மரவீடு' என்று போட்டிருந்தார்கள். மரம் என்பது சிமெண்ட் சுவரின் மேல் ஒட்டிய பலகை. வனம் என்பது காபித் தோட்டம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் காபியைக் கொண்டுவந்தார். அதிலிருந்து சேர்வராயன் மலையில் நாம் காடு என்று பார்த்து மயங்குவதில் பாதி, காபிக்கு நிழல் தர வளர்த்த மரங்கள்தான். உயரமாக நிற்கிற சில்வர் ஓக்கின் பூர்வீகம் ஆஸ்திரேலியா. அதன் மேல் ஏறியிருக்கிற மிளகுக்கொடி மட்டும் நம் பக்கத்துப் பிள்ளை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் பணம் கட்டும் முன் 'காடா, தோட்டமா' என்று கேட்டுவிடுங்கள்.

வழியையும் கேளுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிவிட்டோம் என்று நிம்மதியாக மூச்சு விட்டோம். கடைசி இரண்டு கிலோமீட்டர் மண்பாதை. காரின் அடி உரசியதும் அம்மா சாமியைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். கடைசியில் எஸ்டேட் ஜீப் வந்து ஏற்றிப்போனது. அதற்குத் தனிக் கட்டணம். முன்பே சொல்லவில்லை என்பதுதான் எரிச்சல்.

சரி, ராத்திரிக்கு வருவோம். நான் இதை எழுதுவதே அதற்காகத்தான்.

ஆறரைக்கெல்லாம் இருட்டிவிட்டது. நாங்கள் கொண்டுபோன தட்டுவடை செட் பொட்டலத்தை வாசல் திண்ணையில் வைத்து மகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வீட்டைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் வந்து, "எல்லாத்தையும் உள்ள எடுத்து வெச்சிருங்க. மேல மாடு நிக்குது. டார்ச் அடிக்காதீங்க" என்றார். "மாடுதானே அண்ணா" என்று என் மனைவி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. வேலிக்கு அந்தப்பக்கம் கையைக் காட்டினார். கொஞ்ச நேரம் எதுவும் தெரியவில்லை. அப்புறம் கால்கள் மட்டும் தெரிந்தன, முழங்கால் வரை வெள்ளைச் சாக்ஸ் போட்ட மாதிரி. அதற்கு மேலே இருட்டு என்று நான் நினைத்ததெல்லாம் உடம்பு! காட்டெருமை. மலையில் அவர்களுக்கு அது வெறும் 'மாடு'தான். மூன்று உருப்படிகள், அவசரமே இல்லாமல் மேய்ந்துகொண்டு போயின. நாங்கள் நால்வரும் கதவிடுக்கில் தலைக்கு மேல் தலை வைத்துப் பார்த்தோம்.

படுத்த பிறகு தகரக் கூரையில் யாரோ நடக்கும் சத்தம். நடக்கும், நிற்கும், எதையோ உருட்டிவிடும். நான் கதவுத் தாழ்ப்பாளை மூன்று தடவை சரிபார்த்தேன். அம்மா தூங்குவதாக நடித்தார். மூன்று மணிக்கு மேல்தான் கண் அசந்தது. காலையில் சொன்னபோது அந்த அண்ணன் ஒரு பாறைக்குக் கூட்டிப்போய், காபிக்கொட்டை அப்படியே ஒட்டிக்கிடந்த எச்சத்தைக் காட்டினார். மரநாய். பழுத்த காபிப்பழத்தைத் தின்று சதையைச் செரித்துவிட்டுக் கொட்டையை விட்டுவிடுமாம். இதைக் கழுவி வறுத்து வெளிநாட்டில் கொள்ளை விலைக்கு விற்கிறார்கள் என்று நான் சொன்னதை மகள் இன்றுவரை நம்பவில்லை.

அது காபி பறிக்கிற பருவம். வீட்டுக்குக் கீழே களத்தில் காபியைப் பரப்பிக் காயவைத்திருந்தார்கள். லேசாகப் புளித்த வாசனை. மதியம் அண்ணன் வீட்டு நாட்டுக்கோழிக் குழம்பும் களியும். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலைக் கையில் வைத்திருந்தேன். அன்றைக்கு ஒன்றுக்கும் போகவில்லை.

வயதானவர்கள் விஷயத்தில் எங்கள் தப்பு குளிர். சேலம் முந்நூறு மீட்டருக்கும் குறைவான உயரம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரி போல குறையும் என்று கணக்குப் போட்டாலே ஏழெட்டு டிகிரி வித்தியாசம். நான் போடவில்லை. அம்மா ஒரு சால்வையோடு வந்து, இருந்த கம்பளி எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கரண்ட் போய் கீசர் ஓயவும், அண்ணன் விறகடுப்பில் வெந்நீர் போட்டுத் தந்தார். மூட்டுவலி இருப்பவர்கள் என்றால் வாசலில் எத்தனை படி, கழிப்பறை வீட்டுக்குள்ளேயா வெளியிலா, ராத்திரி கூப்பிடு தூரத்தில் ஆள் இருப்பாரா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்றால் எவ்வளவு அழகான வீடாக இருந்தாலும் நான் எடுக்க மாட்டேன். செல்போன் சிக்னல் எங்களுக்கு ஒரே ஒரு ஜன்னலோரம்தான் கிடைத்தது.

மழைக்காலம் என்றால் அட்டை இருக்கும், உப்பு கொண்டுபோங்கள். மே மாத சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம், மலை ஏறவே பாதி நாள் போய்விடும்.

எத்தனை நாள் என்றால், குறைந்தது இரண்டு ராத்திரி. முதல் ராத்திரி பயத்திலேயே போய்விடும். இரண்டாம் நாள் கூரையில் சத்தம் கேட்டதும், "வந்துட்டான்" என்று சொல்லிவிட்டு அம்மா திரும்பிப் படுத்துக்கொண்டார்.