பழைய லென்ஸுக்குள் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் பூஞ்சையா?

கேள்வி: தாத்தா காலத்து லென்ஸ் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. டார்ச் அடித்தால் உள்ளே வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கிறது. ஃபங்கஸ்தானே? எப்படிக் கழற்றிச் சுத்தம் செய்வது?

கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் முதலில் அதைக் கீழே வையுங்கள். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் ஏற்கெனவே நாலைந்து வீடியோ பார்த்து, பூஞ்சைதான் என்று முடிவு கட்டிவிட்டீர்கள் போலத் தெரிகிறது. நானும் அப்படித்தான் முடிவு கட்டினேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நான் லென்ஸ் மெக்கானிக் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அடிபட்டவன்.

என் மாமா, அம்மாவின் அண்ணன், போன பிறகு அவருடைய கேமரா எனக்கு வந்தது. எங்கள் குடும்பத்தில் எல்லோருடைய சின்ன வயதுப் படங்களும் அதில் எடுத்தவைதான். பல வருஷம் தோல் உறைக்குள்ளேயே பீரோவில் கிடந்திருக்கிறது. லென்ஸ் 50 மில்லிமீட்டர், டெஸார் வகை. பின்பக்கம் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் விளிம்பிலிருந்து உள்நோக்கி ஒரு வெள்ளை இறகு. காம்பு, அதிலிருந்து கிளை, கிளையிலிருந்து இன்னும் நுண்ணிய கிளை. யாராக இருந்தாலும் பூஞ்சை என்றுதான் சொல்வார்கள்.

பழுது பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோய், "உள்ளே ஃபங்கஸ் இருக்கிறது" என்று நானே சொல்லிக் கொடுத்தேன். அவர் ஜன்னல் பக்கம் தூக்கி ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஆமா சார், கழட்டித் துடைச்சிடலாம்" என்றார். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது இறகு அப்படியே இருந்தது. புதிதாக முன் கண்ணாடியில் வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள். "ஃபங்கஸ் கோட்டிங்கைத் தின்னுடுச்சு சார், இதுக்கு மேல போகாது" என்றார். கோட்டிங் என்றால் கண்ணாடி மேல் இருக்கும் மெல்லிய பூச்சு. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் லென்ஸைக் காட்டவே மனசு வரவில்லை.

அப்புறம் ஆய்வகக் கருவிகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடம் காட்டினேன். அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன், உங்களுக்கு உதவும். லென்ஸின் பின்பக்கக் கண்ணாடிக் குழுவை மட்டும் கழற்றி வெள்ளைத் துணிமேல் வைத்தார். கண்ணாடி மேல் ஒரே ஒரு பஞ்சு இழையைப் போட்டார். 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப்பை (சின்ன உருப்பெருக்கியை) என் கையில் கொடுத்து, "இழை தெளிவாத் தெரியுதா தம்பி? இப்ப கையை அசைக்காம இறகைப் பாருங்க" என்றார். இறகு மங்கலாக இருந்தது. லூப்பை ஒரு முடியளவு கீழே இறக்கினேன். இறகு தெளிந்தது, இழை மங்கிவிட்டது. குழுவைத் திருப்பிப் போட்டு அந்தப் பக்கமும் இதையே செய்தோம். அங்கேயும் அப்படித்தான். அதாவது இறகு இரண்டு முகத்திலும் இல்லை, நடுவில் இருக்கிறது.

டெஸார் வகையில் 4 கண்ணாடிகள் 3 குழுவாக இருக்கும். கடைசி இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டவை. அந்தக் காலத்தில் ஒட்டியது கனடா பால்சம் என்ற மரப்பிசினால். காலப்போக்கில் அது காய்ந்து விலகும், சில சமயம் பெரணி இலை மாதிரி படிகமாகும். அதைத் துடைக்க வழியே கிடையாது. மாமாவின் லென்ஸில் எந்தக் கோளாறும் இல்லாத கண்ணாடிகளைத்தான் தேய்த்திருக்கிறார்கள்.

சரி, உங்கள் லென்ஸுக்கு வருவோம். அபெர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழையும் துளையை, முழுதாகத் திறந்துவிட்டு, மறுமுனையில் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, இருட்டுப் பின்னணியில் பாருங்கள். முன்னாலிருந்து ஒருமுறை, பின்னாலிருந்து ஒருமுறை. எல்.இ.டி. டார்ச்சில் புது லென்ஸ்கூடத் தூசிக் கிடங்கு மாதிரிதான் தெரியும், அதற்குப் பயப்படாதீர்கள். பூஞ்சை என்றால் நூல் நூலாக, ஒரு புள்ளியிலிருந்து கிளைத்துப் பரவும், சிலந்தி வலை மாதிரி. உருவமே இல்லாமல் கண்ணாடி முழுக்க மூச்சு விட்டதுபோல் சீரான மூட்டம் என்றால் அது ஹேஸ். பெரும்பாலும் ஃபோகஸ் வளையத்தின் கிரீஸிலிருந்து ஆவியாகி வந்து படிவது. விளிம்பில் வானவில் நிறமோ வெள்ளி மினுக்கோ தெரிந்து, லென்ஸைச் சாய்க்கும்போது மாறினால், பிசின் விலகல் என்று சந்தேகப்படுங்கள். உங்கள் லென்ஸின் கண்ணாடி அமைப்புப் படத்தைத் தேடிப் பாருங்கள். ஒட்டிய ஜோடியே இல்லாத மூன்று கண்ணாடி லென்ஸ் என்றால் அந்தச் சந்தேகம் தேவையில்லை. தனித்தனிக் காற்றுக்குமிழிகள் பழைய கண்ணாடியில் இயல்பு, விட்டுவிடுங்கள்.

வெள்ளைத் தாள்மேல் வைத்தால் தேநீர் நிறம் அடிக்கிறதா? அது தோரியம் என்ற கதிரியக்க உலோகம் கலந்த கண்ணாடியாக இருக்கலாம். 7 கண்ணாடி கொண்ட சூப்பர் டாகுமார் 50 மி.மீ. எஃப் 1.4 அப்படிப்பட்டதுதான். அந்த மஞ்சளை மட்டும் புற ஊதா விளக்கில் சில நாள் வைத்துக் குறைக்க முடியும்.

இதைப் படித்துவிட்டு, "வெயிலில் வைத்தால் பூஞ்சையும் செத்துவிடுமே" என்று சிலர் வருவார்கள். கிருமியை ஒழிக்கும் யூ.வி.-சி என்ற புற ஊதாக் கதிர் வெயிலில் தரைவரை வருவதே இல்லை. வந்தாலும் சாதாரண லென்ஸ் கண்ணாடி அதை உள்ளே விடாது. சூட்டில் கிரீஸ் இளகி அபெர்ச்சர் தகடுகளில் இறங்குவதுதான் மிச்சம். பெராக்சைடும் அம்மோனியாவும் கலந்து துடைப்பது தவறு என்று நான் சொல்லவில்லை, மேற்பரப்பில் இருக்கும் பூஞ்சைக்கு அது வேலை செய்யும். ஆனால் பூஞ்சை விட்ட அமிலம் கோட்டிங்கை அரித்திருந்தால் அந்தத் தடம் போகாது. ஒட்டிய ஜோடியை எதிலும் ஊறப் போடவே கூடாது.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மாமாவின் கேமராவை விலை போகும் பொருள் என்று பத்திரமாக எடுத்துவைத்த உறவினர்கள், அவருடைய நெகட்டிவ்கள் இருந்த தகர டப்பாக்களைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். "வெறும் பிலிம்தானே" என்றார்கள். லென்ஸில் கீறல் விழுந்தது ஆறிவிட்டது, இது இன்னும் ஆறவில்லை. உங்கள் தாத்தாவின் நெகட்டிவ்கள் எங்காவது இருந்தால், லென்ஸுக்கு முன்னால் அதைத் தேடி எடுங்கள்.

மாமாவின் லென்ஸை அப்படியே வைத்திருக்கிறேன், ஈரப்பதம் 45 சதவீதத்துக்குப் பக்கத்தில் நிற்கும் உலர் பெட்டியில், தோல் உறை இல்லாமல். எதிர் வெளிச்சத்தில் படம் வெளிறும். வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தை மறைக்கும் ஹூட் போட்டு, அபெர்ச்சரை எஃப் 8-க்குச் சுருக்கி எடுத்தால் அந்த இறகு படத்தில் தெரிவதில்லை. போன மாதம் அம்மாவை அதில்தான் எடுத்தேன்.